வலது கையுறை

எபேர் பல் மருத்துவர்.
ஐம்பத்து மூன்று வயதுவரை
சொத்தைப் பல்லைத் தவிர எதையும் நோண்டாதவர்.
அவர்தான் அதை வாங்கி வந்தார்:
இருபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு,
பாட்டில் பச்சை, கறுப்பு மட்காப்பு,
முட்ட வரும் கடாவின் கண்ணாய் இரண்டு விளக்கு.
மொந்தேவிதேயோவில் இதைக் கச்சிலா என்போம்.
ஒரு காலத்தில் கோழிக்கூண்டு சுமந்தது.
இப்போது எங்கள் கொட்டகையில் மகாராணி.
என் கார் தெருவில், மழையில்.

வண்டி வந்த வாரமே மனிதர் மாறினார்.
மீன்முள் நெசவில் தொப்பி வந்தது.
தவளைக்கு மாட்டிவிட்டதுபோல் கண்ணாடி வந்தது.
முழங்கையில் தோல் தைத்த கம்பளிக் கோட்டு,
பித்தளையில் சிகரெட் பெட்டி
(புகைப்பதில்லை; உள்ளே சோம்பு மிட்டாய்).
கழுத்துக்குட்டை கட்ட இருபது நிமிடம்,
எஞ்சின் கிளம்ப நாற்பது.
மணிக்கு அறுபது கிலோமீட்டர் போக
இத்தனை ஜோடனையா என்று கேட்டேன்.
"மெதுவாகப் போகிறவனைத்தான்
ஊர் முழுசாகப் பார்க்கும், இர்மா."

ஞாயிறு. திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை.
கிளிக்கூண்டு, கதவுக் குமிழ், கால் போன பியானோ.
சுல்மாவின் விரிப்பில் ஒரு ஜோடிக் கையுறை.
தேன் நிறத் தோல், முதுகில் பொடித் துளைகள்,
மணிக்கட்டில் கொம்புப் பொத்தான்.
இடது சரி.
வலதில் கட்டைவிரல் இல்லை.
கிழிந்துபோனதல்ல. வெட்டி, ஓரம் மடித்து,
நெருக்கு நெருக்காய்த் தைத்து மூடியிருந்தது
ஆறிப்போன ஈறுபோல.

"பாவம், விரல் போன ஆள்" என்றேன்.
சுல்மா மாத்தேயை உறிஞ்சி முடித்துத்தான் பேசினாள்:
"விற்க வந்தபோது பார்த்தேனே,
பத்தும் இருந்தன. பேரம் பேச ஒவ்வொன்றாய் நீட்டினார்."
பிறகு ஏன் இப்படி?
அவள் கேட்கவில்லை. விற்கிறவள் கேட்பாளா?

எபேர் மாட்டிப் பார்த்தார்.
கட்டைவிரல் திகைத்து, இடம் தேடி,
ஆள்காட்டி விரலோரம் ஒண்டிக்கொண்டது.
வேலியில் போகிற ஓணான், மடியில் விடாதீர்கள் என்றேன்.
அதற்குள் பணம் கைமாறியிருந்தது.

ஆகஸ்ட். குளிர். பேட்டரி செத்திருந்தது.
இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிக்
குனிந்து சுற்றினார்.
தீப்பொறி நெம்புகோலை மேலே தள்ள மறந்திருந்தார்.
எஞ்சின் திருப்பி உதைத்தது.
கழுதைகூட எச்சரிக்கையாய்க் காதை மடக்கும்;
இது எதுவும் சொல்லவில்லை.
கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று
உள்ளங்கையைவிட்டு நழுவிப் போயிற்று.
பிடிக்க அதற்கு ஒரு விரல் வேண்டும். அங்கே இல்லை.

நான் அரசு மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுக்கிறவள்.
கட்டைவிரலின் அடியெலும்பு எங்கே முறியும்,
முறிந்தால் தகட்டில் எப்படி வெளுக்கும்,
தெரியும் எனக்கு.
அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்,
பல் பிடுங்கும் கை.
தொப்பி விழுந்து தேங்கிய தண்ணீரில் கிடந்தது.
இருவரும் எடுக்கவில்லை.

யாரோ ஒருவர்
ஒரு இரவு விளக்கருகே உட்கார்ந்து
தன் விரலுக்குத் தானே கதவடைத்திருக்கிறார்.
ஒருமுறை உதை வாங்கிய பிறகா,
வாங்காமலேயா?
தையல்காரரிடம் கொடுத்தால் கேள்வி வருமென்று
அவரே தைத்தாரோ, ஒரு தையல் கோணலாய் இருந்தது.

"கழற்று" என்றேன்.
கழற்றினார்.
உள்ளே இன்னும் சூடு.
நெம்புகோலை மேலே தள்ளினேன்.
விரலை ஒடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு,
கீழிருந்து மேலாக.
இருமியது. இரண்டாவது இழுப்பில்
தரை நடுங்க, கொட்டகைப் புறாக்கள் பறக்க,
மகாராணி எழுந்தாள்.

"அந்தக் கண்ணாடியையும் கொடு."
மறுபேச்சு இல்லை. பக்கத்து இருக்கையில்
மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார்.
கடற்கரைச் சாலை. மண் நிற ஆறு.
தெர்மாஸை அக்குளில் இடுக்கி நடந்தவர்கள்
நின்று திரும்பினார்கள்.
எனக்குக் கன்னம் சுட்டது. நன்றாகவும் இருந்தது;
இதை எபேரிடம் சொல்லப்போவதில்லை.

ஸ்டியரிங் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும்,
ஆகவே கையுறையைக் கழற்றிப்போட்டேன்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
மல்லாந்து கிடந்தது, நாலு விரலை விரித்து,
எதிரே வரும் யாரையோ
நிறுத்தச் சொல்வதுபோல.